அந்தப் பிள்ளைக்கு வாய் இல்லையாம்

அந்தப் பரிசளிப்பு விழாக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். ஆறு பேர் அனுப்பிவிட்டார்கள். ஒலிவாங்கியைக் கண்டு விறைத்து நின்ற பிள்ளையிடம், "வீட்டில் வாய் ஏழு முழம், இங்கே காணோமே" என்று பிரதம விருந்தினர் கேட்க, மண்டபமே சிரித்தது. சிரித்ததில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள்.

ஐயா, அந்தப் பிள்ளைக்கு வீட்டிலும் வாய் இருந்திராது. சபையில் பேசும் துணிவு மனப்பாடத்தால் வருவதில்லை. தான் சொல்வதை வீட்டில் ஒருவராவது காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். தாயின், அல்லது தாய்போல் வளர்ப்பவரின், நெருக்கம் பிள்ளையின் மனநலத்துக்கு எவ்வளவு தேவை என்று பிரித்தானிய மனநல மருத்துவர் ஜோன் பௌல்பி 1951 இலேயே உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார். அவ்வளவு தூரம் போவானேன்? தாயாடு பக்கத்தில் நின்றால்தான் குட்டி துள்ளும்.

2009 இல், வன்னியில் இறுதிப் போர் நடந்தபோது, எனக்கு 13 வயது. சேலையில் தைத்த மண்மூட்டைகளுக்கு நடுவே, பதுங்குகுழிக்குள் அப்பா என் வாயைப் பொத்திக்கொண்டிருப்பார். உள்ளங்கையில் புகையிலை மணக்கும். ஷெல்லுக்குக் காது கேட்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பொத்தினார். பிறகு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் "யாரோடும் ஒன்றும் கதைக்காதே" என்றார். ஊர் திரும்பிய பிறகு அவரே கதைப்பதை விட்டுவிட்டார். வன்னியில் நடந்ததைக் கூட்டு மனவடு என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010 இல் எழுதினார். தனி ஆளின் நோயல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட காயம்.

"எல்லாவற்றுக்கும் போரையே சொல்" என்று வருவீர்கள். சரி, சொல்லவில்லை. நுண்கடன்காரர் தவணை கேட்டுப் படலையில் நிற்கும்போது "அம்மா வீட்டில் இல்லை" என்று பிள்ளையை அனுப்பிப் பொய் சொல்ல வைத்தோமே, அது எந்தப் போர்? "ஆசிரியர்தான் பழக்கியிருக்க வேண்டும்" என்பீர்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, விடுங்கள். "நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், நன்றாகத்தானே இருக்கிறோம்" என்பவர்களைத்தான் தாங்க முடியவில்லை. நன்றாக இருப்பவர், நடுங்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பாரா? கனடாவிலிருந்து சிரிப்புக் குறி போட்ட மச்சான், உங்களையும்தான் கேட்கிறேன்.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. போன கிழமை என் மகள் தேநீர்க் கோப்பையை உடைத்தாள். அழவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குந்தியிருந்து ஓடுகளைப் பொறுக்கிச் சட்டை மடியில் போட்டாள். அன்று நான் கை ஓங்கவில்லை. முன்பு ஓங்கியிருக்கிறேன், அதனால்தான் அந்தப் பார்வை.

திண்ணையில் இருந்த அப்பா எழுந்து வந்தார். "குஞ்சு, அதை விடு. கையை வெட்டிப்போடும். எப்படி விழுந்தது, சொல்லு பார்ப்போம்" என்று அவள் பக்கத்தில் குந்தினார். அவள் சொன்னாள், சொன்னாள், நிறுத்தவேயில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. சிரிக்கிறவர்கள் இதற்கும் சிரியுங்கள்.