'லய்' என்றால் வழிபாடு மட்டுமல்ல
"வியட்நாமிய மொழியில் 'லய்' என்றால் கடவுள் வழிபாடு, மணமக்கள் பெற்றோரை 'லய்' செய்வது அவர்களைத் தெய்வமாக்குவதுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு.

'லய்' என்பது ஓர் உடல் அசைவின் பெயர்: கைகூப்பி, மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிவது. யாரை வணங்குகிறோம் என்பதைப் பெரும்பாலும் எத்தனை முறை குனிகிறோம் என்ற எண்ணிக்கைதான் சொல்லும். மரபுப்படி உயிரோடிருக்கும் பெரியவருக்கு 2, புத்தருக்கு 3, இறந்தவருக்கு 4. இதில் ஒரு நுட்பம் உண்டு. அடக்கம் செய்யும்வரை இறந்தவருக்கும் 2 தான். அதுவரை அவர் வீட்டுப் பெரியவராகவே மதிக்கப்படுகிறார்.

நின்றபடி கூப்பிய கைகளை மேலும் கீழும் அசைத்துத் தலைகுனிந்தால் அது 'வாய்' (நம் வாய்க்கும் இதற்கும் தொடர்பில்லை). படையல் வைப்பது 'குங்'. பீடம் அமைத்து நிலையாகப் போற்றுவது 'தோ'. அவர் சொல்லும் வழிபாட்டுக்கு நெருக்கமான சொல் இதுதான்.

புதருக்குள் ஒளிந்தவன், "ஐயா, 'லய்'! நான் இந்தப் புதரில் இருக்கிறேன்" என்று தானே காட்டிக்கொடுத்துக்கொள்வதாக அங்கே ஒரு பழமொழி உண்டு. அவன் யாரையும் தெய்வமாக்கவில்லை, பாவம்.