பாடம் நடத்த எப்போது விடுவீர்கள்?

பிள்ளைகளின் வருகையை ஏற்றும் செயலியில் இன்று காலையும் அந்த வட்டம் சுழன்றது. வகுப்பறை வாசலில் தொடங்கி, வேப்பமரத்தடி, அடிபம்பு, கழிப்பறைச் சுவர் என்று அலைபேசியை ஏந்திக்கொண்டு அலைந்து, கடைசியில் மதிற்சுவரோரம் கிடந்த உடைந்த பெஞ்சின் மேல் ஏறி நின்றபோதுதான் இரண்டு கோடு சிக்னல் கிடைத்தது. செயலி திறந்தது, கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன், வெளியே தள்ளியது. மறுபடி உள்ளே போய், 34 பிள்ளைகளின் பெயருக்கும் நேராக ஒவ்வொன்றாகக் குறித்து, சமர்ப்பி என்பதை அழுத்தினேன். வட்டம் சுழன்று சுழன்று, மீண்டும் முயற்சிக்கவும் என்று ஒரு வரி காட்டிவிட்டு, குறித்தவை அத்தனையையும் அழித்து வெறும் பட்டியலைத் திருப்பித் தந்தது. மறுபடி 34 பெயர். மறுபடி வட்டம். நான்காவது முறை அழுத்தியபோது மணி 10.10.

அந்த நேரத்தில் வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது. மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல். பத்துப் பத்து ஈர்க்குச்சிகளாக ரப்பர் போட்டுக் கட்டிய ஐந்து கட்டுகளும் இரண்டு தனிக் குச்சிகளும் கொடுத்து, இதிலிருந்து 27 எடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். வழக்கமாக எல்லோரும் இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கையை விரிப்பார்கள். இன்று ஒரு சிறுமி, யாரும் சொல்லித் தராமல், ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றிக் குச்சிகளைக் கையில் அள்ளிக்கொண்டு பெஞ்சடிக்கே ஓடி வந்தாள். "டீச்சர், ஒரு கட்ட அவுத்துட்டேன். இப்பவும் இது அம்பத்திரண்டுதானா?"

இந்தக் கேள்வியின் அருமை, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தெரியும். கட்டை அவிழ்த்தாலும் எண் மாறுவதில்லை என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். அந்த இடத்துக்குத் தானாக வந்து நின்ற பிள்ளையை அப்படியே உட்காரவைத்து, எண்ணிப் பாரு என்று சொல்லியிருந்தால் போதும், வாழ்நாளுக்கும் மறந்திருக்க மாட்டாள். நான் அவளிடம் சொன்னது, "இரும்மா, ரெண்டு நிமிஷம்." அந்த இரண்டு நிமிடம் அரை மணி நேரமானது. வகுப்புக்குத் திரும்பி வந்து பார்க்கையில் குச்சிகள் அவள் பெஞ்சுக்கடியில் சிதறிக் கிடந்தன. அவள் சிலேட்டில் 35 என்று எழுதி வைத்திருந்தாள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று. எந்தத் தவறிலிருந்து அவளை வெளியே கொண்டுவர ஒரு வாரமாகக் குச்சி கட்டினேனோ, அதே தவறு.

அதற்குள் வாட்ஸ்அப் குழுவில், வருகை ஏற்றாத பள்ளிகளைக் காட்டும் பட்டியல் வந்துவிட்டது. எங்கள் பள்ளியின் பெயர் சிவப்பில். பின்னாலேயே மேலிடத்திலிருந்து தொலைபேசி அழைப்பு: "ஏன் டீச்சர், உங்க ஸ்கூல் மட்டும் இன்னும் பெண்டிங்?" பிள்ளைகள் இன்று என்ன படித்தார்கள் என்று அந்தக் குரல் கேட்கவில்லை. ஐந்து வகுப்புக்கும் இருக்கிற இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட, 34 பிள்ளைகளுடன் ஒருத்தி மட்டும் நிற்கிறாள் என்பதும் அந்தக் குரலுக்குத் தேவைப்படவில்லை.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. 2018இல் புதிய பாடப்புத்தகங்கள் க்யூஆர் கோடுடன் வந்தபோது, என் சொந்த அலைபேசியில் ஸ்கேன் செய்து காட்டியவள். கடலையே பார்த்திராத பிள்ளைகள், திமிங்கிலம் மூச்சைப் புகைபோலப் பீய்ச்சியடிப்பதைத் திரையில் பார்த்து எழுந்து நின்று கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது குரலைப் பதிவு செய்து அனுப்பக் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு ஒரே அலைபேசி, அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் பிள்ளையின் கைக்குப் போகும் என்பதால், இரவு எட்டு மணிக்கு மேல் பாடம் சொன்னேன். அந்தத் தொழில்நுட்பம் என்னைப் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதுவோ பிள்ளையிடமிருந்து என்னைப் பிரித்து மதிற்சுவரோரம் நிற்க வைக்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு 2022இல், அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தபோது, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையறிந்து பிரித்துச் சொல்லிக்கொடுப்பதை மனமார வரவேற்றேன். ஒவ்வொரு குழந்தையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரையில் ஒவ்வொரு கேள்வியாகத் தட்டி மேலே அனுப்பிக்கொண்டிருக்கும்போது, மற்ற 33 பேருக்கும் யார் சொல்லித் தருவது? வருகையைப் பதிவேட்டிலும் எழுதி, செயலியிலும் ஏற்றி, சாப்பாட்டு எண்ணிக்கையாக இன்னொரு முறையும் கொடுக்கிறோம். தொடக்கப் பள்ளியில் எழுத்தர் பணியிடம் கிடையாது. எழுத்தர் வேலை மட்டும் உண்டு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 27ஆம் பிரிவில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையோடு நமக்கு ஆயிரம் சண்டை இருக்கலாம்; அதிலும்கூட ஆசிரியர்கள் மீது கடும் நிர்வாகப் பணிகளைச் சுமத்தக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது. இதைக் கேட்டால், பதிவேற்றமும் கல்விப் பணிதானே என்கிறார்கள். இல்லை. பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்வது கல்விப் பணி. அந்தப் பதிலைத் தள்ளிப்போட வைக்கும் எதுவும் கல்விப் பணி ஆகாது. சிக்னல் இல்லாத இடத்தில் குறித்ததைச் சேமித்து வைத்து, கிடைக்கும்போது தானாக அனுப்பும்படி ஒரு செயலியை அமைப்பது நடக்காத காரியமா? இந்தச் செயலியை முடிவு செய்த கூட்டத்தில் ஈராசிரியர் பள்ளி ஆசிரியர் ஒருவராவது உட்கார்ந்திருந்தாரா?

மாலையில் பெஞ்சுக்கடியில் குனிந்து குச்சிகளைப் பொறுக்கினேன். ஒன்பதுதான் கிடைத்தன, இன்னொன்றைத் துடைப்பத்திலிருந்து உருவிச் சேர்த்து ரப்பர் போட்டேன். நாளை 9.25க்கு அலைபேசி மேசை இழுப்பறைக்குள் இருக்கும். அந்தக் கட்டை அவள் கையில் கொடுத்து, "நேத்து என்னமோ கேட்டியே, இப்பக் கேளும்மா" என்று சொல்லப் போகிறேன். பட்டியலில் எங்கள் பள்ளி எந்த நிறத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும்.