ரிப்போர்ட் நார்மல் என்பதால் வலி பொய்யாகிவிடாது

சென்ற ஞாயிறன்று நிச்சயதார்த்தப் பந்தியில், வயிற்றுவலியால் அவதிப்படும் என் அக்காள் மகளுக்கு நடந்தது இங்குள்ள உறவினர்கள் பலருக்கும் தெரியும். "ஸ்கேனில் ஒன்றுமே இல்லையாமே, எல்லாம் மனப்பிரமை, நாலு வாய் சாப்பிடு" என்று அத்தனை பேர் முன்னிலையில் ஒரு பெரியவர் சொன்னார். அவள் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள்.

மனத்துக்கும் வயிற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தொடர்பு இருப்பதாலேயே அவளுடைய வலி மெய்யானது. குடற்சுவரில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றின் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்பவை. பரிசோதனையில் புண்ணோ கட்டியோ தெரியாமல் வயிற்றுவலியும் மலம் கழிப்பதில் மாற்றமும் தொடரும் ஐ.பி.எஸ். என்ற குடல் கோளாறு உள்ள பலருக்குச் சாதாரண வாயு அசைவுகூட வலியாக உணரப்படுகிறது. குடலின் உட்பரப்பைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி, நரம்பின் இந்தக் கூருணர்வை எப்படிக் காட்டும்? இத்தகைய கோளாறுகளைக் கண்டறிய உலக மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016இல் வெளியான ரோம் வரையறையே இவற்றைக் குடலும் மூளையும் ஊடாடுவதில் ஏற்படும் கோளாறுகள் என்றுதான் அழைக்கிறது. மனப்பிரமை என்று அதில் எங்கும் இல்லை.

அப்பா இறந்த ஆண்டில் எனக்கும் இது தொடங்கியது. காலையில் பேருந்து ஏறுவதற்குள் மூன்று முறை கழிவறைக்குப் போவேன். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு மருத்துவர் ஃபைலை மூடியபோது, நான் பொய் சொல்லிப் பிடிபட்டதைப் போலக் கூசிப்போனேன். நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு மருத்துவர், "இது தொடங்கிய சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன். மனச்சோர்வுக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின் மாத்திரையைக் குறைந்த அளவில் தந்து, மனநல ஆலோசனைக்கும் அனுப்பினார். அது பைத்தியத்துக்கான மாத்திரை என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த மாத்திரை ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு உதவுகிறது என்று 2023இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது.

அல்சருக்கும் மன அழுத்தமே காரணம் என்றுதானே சொன்னார்கள், ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் அதற்குக் காரணமான கிருமியைக் காட்டவில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மலத்தில் இரத்தம், எடைக்குறைவு, இரத்தசோகை இருந்தால் முதலில் பரிசோதனைதான் வேண்டும். என் அக்காள் மகளுக்கு எல்லாப் பரிசோதனைகளும் முடிந்துவிட்டன.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் உண்டா?" என்கிறார்கள். உண்டு. என் பாட்டி வாயுத்தொல்லை என்று சொல்லி ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டு, எல்லோரும் உண்டு முடித்தபின் மிஞ்சியதைத் தின்று படுத்துக்கொள்வாள். என்ன வேதனை என்று அவளை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. அது இன்றும் என்னை அறுக்கிறது.

திருமணத்துக்கு வரமாட்டேன் என்கிறாள் எங்கள் பெண். அந்தப் பெரியவர் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, "தெரியாமல் சொல்லிவிட்டேன் அம்மா" என்று அவளிடம் சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.