மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுமா?

நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் டெஸ்டுகளைத்தான் சொல்கிறேன். ராத்திரி பதினொன்றுக்கு எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது தேறிவிட்டன. பன்னிரண்டு தாண்டியதும் மூன்று சிவப்பு, தோல்வி. நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை! காரணம் தேதி. பாம்பனில் 12 மணியிலிருந்து 5.30 வரை யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் இன்னும் நேற்றுதான். டெஸ்டை எழுதியவர் ஒரு பக்கம் உள்ளூர் நேரத்தையும் மறுபக்கம் யுடிசியையும் எடுத்து ஒப்பிட்டிருக்கிறார். உலகம் முழுக்க ஒரே நேரத்திலா விடிகிறது?

சரி, அதைத் திருத்தினால் அடுத்தது எழுத்து எண்ணும் டெஸ்ட். ‘மீன்’ இரண்டு எழுத்து. எங்கள் தெருவில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் அது ம, ஈகாரக் குறி, ன, புள்ளி என்று 4 குறியீடு. ‘எதிர்பார்த்தது 2, வந்தது 4’ என்று பிழை வந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வந்த ஒருவர் நிரலைத் தொடவே இல்லை. டெஸ்டில் இருந்த 2ஐ அழித்து 4 போட்டுவிட்டார். பச்சை வந்துவிட்டது, தப்பு அப்படியே இருக்கிறது. அப்புறம் டெஸ்ட் எதற்கு?

எல்லாவற்றையும்விட வயிறு எரிவது, ‘மறுபடி ஓட்டிப் பாருங்க’ என்ற பதிலைக் கேட்டால்தான். ஓட்டை வள்ளத்தில் மறுபடி ஏறினால் ஓட்டை அடைபட்டுவிடுமா? மறுபடி ஓட்டியும் விழுந்தால் ஸ்கிப், அதாவது அந்த டெஸ்டையே ஓட்டாமல் தாண்டிவிடுவது. பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று ஒரு குறிப்பு. அதை எடுக்க யாராவது திரும்பி வந்திருக்கிறார்களா?

கல்லூரிப் பிள்ளை ஒருத்தி ஆசையாக இந்த நிரலுக்குத் தன் முதல் திருத்தத்தை அனுப்புகிறாள். அவள் தொடாத இடத்தில் சிவப்பு. தான்தான் எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.