சேர்வரை எழுப்புவது என் வேலையா?

ஆறு மாதமாக இதுதான் என் காலைப் பொழுது. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு, மற்றக் கையால் போனில் எங்கள் ஜாவா தளத்தைத் திறக்கிறேன். பார்ப்பதற்கு இல்லை, எழுப்புவதற்கு! இரவில் சேர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு சீனியர் அண்ணை மெசேஜ் போடுவார்: "தம்பி, காலமை ஒருக்கா திறந்து விடுங்கோ, இல்லாட்டி கஸ்டமர் கத்துவான்."

டேட்டாபேஸ் கனெக்‌ஷன், விலைப்பட்டியல் கேஷ் எல்லாவற்றையும் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சேர்வ்லெட்டின் (ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் சொல்லும் ஜாவா கிளாஸ்) இனிட் மெதட்டுக்குள், அதாவது அது ஏறும்போது ஒருமுறை ஓடும் பகுதிக்குள், திணித்துவிட்டுப் போயிருக்கிறார். 'தொடக்கத்திலேயே ஏற்று' என்று சொல்லும் லோட்-ஆன்-ஸ்டார்ட்அப் போடாத சேர்வ்லெட்டை, அதற்கு முதல் ரிக்வெஸ்ட் வரும்வரை எங்கள் தளத்தை ஓட்டும் டொம்கேட் சேர்வர் தொடாது. ஆக, விடிந்ததும் முதலில் வருகிறவர் 40 செக்கன் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சேர்வர் எழும்பும்போதே இதைச் செய்யத்தான் சேர்வ்லெட் கொன்டெக்ஸ்ட் லிசனர் இருக்கிறது. 2001இல், சேர்வ்லெட் 2.3இலேயே வந்த சாமான்! சொன்னால், "ஓடுறதில கை வைக்காதேங்கோ தம்பி." ஓடுகிறதா? பற்றரி செத்த ஓட்டோவைப் போல தினமும் நானல்லவா தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிறேன்!

பொறுக்க முடியாமல் நானே லிசனர் எழுதி, 'இது லிசனர்' என்று டொம்கேட்டுக்குக் காட்டும் வெப்லிசனர் அனோட்டேஷனும் போட்டேன். என் மெஷினில் அருமையாக ஓடியது. புது சேர்வரில் மூச்சே இல்லை. எரர் இல்லை, லொக்கில் ஒரு வரி இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். என்னிடம் இருந்தது டொம்கேட் 9, அங்கே 10. சேர்வ்லெட் கிளாஸ்கள் இருக்கும் பக்கேஜின் பெயர் ஒன்பது வரை ஜாவெக்ஸ், பத்தில் இருந்து ஜகார்த்தா. புது சேர்வருக்காக மற்றக் கோடையெல்லாம் புதுப் பெயருக்கு மாற்றியவர்கள், கம்பைலுக்கு மட்டும் எடுக்கும் பழைய ஜாரை (ஜாவெக்ஸ் கிளாஸ்கள் இருக்கும் கோப்பை) அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். அதனால் என் பழைய இம்போர்ட் முனகாமல் கம்பைல் ஆனது. டொம்கேட்டோ அந்த அனோட்டேஷனை முன்பின் தெரியாத ஆளைப் போல பேசாமல் கடந்து போய்விட்டது. பிழை என்றால் பிழை என்று கத்தித் தொலையேன்! (அனோட்டேஷனுக்குப் பதிலாக வெப் டாட் எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பில் லிசனரை எழுதியிருந்தால் எங்கள் தளமே எழும்பியிருக்காது, லொக்கிலும் எரர் வந்திருக்கும். ஒரு மணித்தியாலத்தில் பிடித்திருப்பேன்.)

நேற்று இரவு இம்போர்ட்டை மாற்றினேன். சேர்வர் எழும்பும்போதே எல்லாம் ஏறிவிட்டது. அண்ணைக்கும் விளக்கமாக எழுதி அனுப்பினேன். இன்று காலை பம்பலப்பிட்டி தாண்டவில்லை, போன் அடித்தது.

"தம்பி, திறந்து விட்டனீங்களோ?"