ஃபிரெடி மெர்குரி படித்தது பஞ்ச்கனியில்

குவீன் இசைக்குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்குரி சிறுவயதில் நுவரெலியாவில் விடுதியில் தங்கிப் படித்தார் என்று ஒரு தம்பி ஒரு படத்துடன் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அவர் படித்தது மலைநகரில்தான், ஆனால் நம் இலங்கை மலையகத்தில் அல்ல. மகாராஷ்டிராவின் சதாரா மாவட்டத்தில் உள்ள பஞ்ச்கனியின் செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில்.

1946இல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. 1958இல், பன்னிரண்டு வயதில், அந்தப் பள்ளியின் தோழர்களுடன் 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவைத் தொடங்கிப் பியானோ வாசித்தார். 1964இல் குடும்பம் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது.

சரிபார்ப்பது எளிது. அவரைப் பற்றிய எந்த வாழ்க்கை வரலாற்றிலும் பள்ளிப் பருவத்து அத்தியாயத்தைப் புரட்டுங்கள். பிறகு பஞ்ச்கனியை வரைபடத்தில் தேடுங்கள், மும்பைக்குத் தென்கிழக்கே தெரியும். பகிரப்படும் படத்தில் இருப்பது பனிமூட்டமும் பழைய கல் கட்டடமும் மட்டுமே, பெயர்ப்பலகை கூட இல்லை. அப்படிப்பட்ட கட்டடங்கள் ஹட்டனிலிருந்து அப்புத்தளை வரை எத்தனையோ உண்டு. நுவரெலியாவைப் போலவே பஞ்ச்கனியிலும் ஸ்ட்ராபெரி விளைகிறது என்பதால் குழப்பம் வந்திருந்தால், தம்பியை நான் குறை சொல்லமாட்டேன்.