641-ஐ ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே

4294967297 பகா எண் இல்லை, 641 அதை மீதியின்றி வகுக்கும் என்று சொல்லிவிட்டு உங்கள் கட்டுரை அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. அந்த எண்ணின் அழகே அங்கேதான் இருக்கிறது ஐயா.

2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இது. பகா எண் என்றே 17ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் கணித மேதை ஆய்லர் 641-ஐப் பிடித்தார். குருட்டாம்போக்கில் தேடவில்லை, இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று கண்டுகொண்டார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிட்டது!

நேற்று இரவு சிங்கப்பூர் ஈசூன் வீட்டில், உயர்நிலை மூன்று படிக்கும் மகளோடு சாப்பாட்டு மேசையில் சரிபார்த்தேன். கால்குலேட்டரை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். 641 என்பது 625 + 16. அதுவே 640 + 1. இவ்வளவு போதும். 2-இன் 32ஆம் அடுக்கு என்பது 16-ஐ 2-இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியது. 625 என்பது 5-இன் 4ஆம் அடுக்கு, 640 என்பது 5-ஐ 2-இன் 7ஆம் அடுக்கால் பெருக்கியது. 16-ஐ 641 - 625 என்று மாற்றி எழுதினால், 2-இன் 32ஆம் அடுக்கு என்பது 641-இன் ஒரு மடங்கிலிருந்து 640-இன் 4ஆம் அடுக்கைக் கழித்தது என்றாகிறது. 640 என்பது 641-ஐவிட 1 குறைவு, -1-இன் 4ஆம் அடுக்கு 1; ஆகவே அந்த 4ஆம் அடுக்கை 641-ஆல் வகுத்தால் மீதி 1. கழிபடும் அந்த 1-ஐ, கடைசியில் கூட்டும் 1 சரிக்கட்டிவிடுகிறது. "அப்பா, பெருக்கவே இல்லையே!" என்றாள். பிறகுதான் இன்னொரு காரணியான 6700417-ஐ 641-ஆல் பெருக்கினாள். கடைசி இலக்கம்வரை சரி.

இந்த நாலு வரியையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.